முதல் எண்ணெய்

ஜூலை 3, புதன்

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. குழாய்த் தண்ணீர் நாளை மறுநாள்.

வாணியின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. கொலஸ்ட்ரால் 412. இருநூறுக்குள் இருக்க வேண்டியது. அவளுக்கு வயது இருபத்தாறு. கல்யாணமாகி ஐம்பது நாள்.

பரிசோதனைக்குப் போனதே குதிகால் கட்டியைக் காட்டத்தான். இரண்டு காலிலும், குதிகாலுக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவில். விரல் முட்டிகளில் மஞ்சளாக மூன்று. இத்தனை நாளும் செருப்புக் கடி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இதய மருத்துவர் அழுத்திப் பார்த்தார்.

"இது கொழுப்பு. வெளிய தெரியறது இவ்வளவு. உள்ள ரத்தக் குழாயில எவ்வளவு படிஞ்சிருக்கோ."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தாமலே சொன்னார்.

தினம் இரவு ஒரு மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். முட்டை, கறி, நெய், வெண்ணெய் நிறுத்த வேண்டும். நல்லெண்ணெய், கொட்டைப் பருப்புகள், எள் ஆகியவை நல்லது.

திரும்பும்போது பஸ்ஸில் வாணி சிரித்தாள். "நல்லெண்ணெய்தான் மருந்துங்களா? அப்பொ எங்கூடுதானுங் ஆஸ்பத்திரி."

அவள் அப்பாவுக்குச் சிவகிரியில் எண்ணெய் மில்.

ஜூலை 5

நெய்ப் பாட்டிலை மாடிவீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா அனுப்பியது. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

மாமா எண்ணெய் அனுப்பியிருக்கிறார். ஈரோடு பஸ் கண்டக்டரிடமிருந்து டின்னை வாங்கிக்கொண்டு வந்தேன். ஐந்து லிட்டர். மூடியைச் சுற்றித் துணி, அதன்மேல் மெழுகு. மெழுகில் ஆணியால் தேதி கீறியிருக்கிறார்.

ஃபோனில் அவர் குரல் எப்போதும் மில் ஓடும் சத்தத்துக்கு மேல் பேசும் குரல். மில் ஓடாதபோதும்.

"மாப்ளே, அது முதல் எண்ணெயுங். எள்ளும் கருப்பட்டியும் போட்டு ஆட்டறப்ப மொதல்ல எறங்கறது. விக்கறதுக்கு இல்ல, ஊட்டுக்குத்தான். காத்தால வெறும் வயித்துல ஒரு கரண்டி குடுங்க. சின்னதுல இருந்து ரெண்டு பேருக்கும் நாந்தான் வாயில ஊத்துவேன்."

இரண்டு பேர் என்றபோது குரல் சத்தத்துக்குக் கீழே போயிற்று.

இரண்டாவது ஆள் வாணியின் அண்ணன், நவநீதன். நான் பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் மில்லில் புண்ணாக்கு மூட்டையைத் தூக்கியவன் மூட்டையோடு விழுந்தான். மாரடைப்பு. இருபத்தாறு வயது. எங்கள் கல்யாணத்தில் முதல் மாலை அவன் படத்துக்குத்தான் போட்டார்கள்.

ஜூலை 11

காலையில் கரண்டியை நானே நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். உதட்டை நக்கிவிட்டு, "சூடு பத்தலைங்க. செக்குல இருந்து நேரா வாங்கிக் குடிச்சா இன்னும் சூடா இருக்கும்" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

நூலகத்தில் வேலை செய்வதில் ஒரு கெட்ட பழக்கம் வரும். எதையும் படித்தே தீர்த்துவிடலாம் என்று தோன்றும். ஒரு வாரமாகப் படித்தேன். செடிகளிலும் கொலஸ்ட்ரால் போலவே ஒன்று இருக்கிறது. தாவர ஸ்டெரால் என்கிறார்கள். அது குடலில் கொலஸ்ட்ராலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை உள்ளே விடாமல் தடுக்குமாம். கேப்சூலாகவே விற்கிறார்கள். நூற்றிருபது உள்ள பாட்டில் வரவழைத்தேன்.

வாணி பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். "இன்னும் எத்தனைங்க போடோணும் நானு? எண்ணெய் ஒரு கரண்டி, பாதாம் பத்து, எள்ளுருண்டை ரெண்டு, இப்ப இது வேற."

"நீ நல்லாயிருக்கணும்னுதான்."

"தெரியுதுங்." விழுங்கினாள்.

ஆகஸ்ட் 14, புதன்

430.

மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார், அவளைப் பார்த்து அல்ல. "மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"

"போடறாங்க சார்."

"இந்த மாத்திரைக்குப் பாதியாவது குறையணும். ஒரு புள்ளி கூடக் குறையலைன்னா ஒண்ணுதான் அர்த்தம்."

அந்த ஒன்று என்ன என்று சொல்லவில்லை. அதையே இரண்டு மடங்கு வீரியத்தில் எழுதிக் கொடுத்தார். முப்பது மாத்திரை, இரண்டு அட்டை.

வெளியே வந்ததும் வாணி, "நான் போட்டேனுங்" என்றாள்.

"தெரியும்."

வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20

இருபத்து நான்கு.

ஆகஸ்ட் 27

பதினேழு. சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருப்பதும் ஒன்றை நிரூபிக்காது. அட்டையிலிருந்து எடுப்பதும் விழுங்குவதும் வேறு வேறு.

பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையைச் சுத்தம் செய்தேன். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இட்லி தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எண்ணிக்கிட்டீங்ளா? பதினாலுங்."

அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு இட்லியைப் பிட்டேன்.

"நான் பள்ளிக்கூடம் கெளம்புனதுக்கப்பறம் டிராயரைத் தொறக்கறீங்க. ஒழுங்கா மூடோணும். எப்பவும் ஒரு விரக்கடை தொறந்தே கெடக்குது." நர்சரிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். அதே குரலில்தான் சொன்னாள், கோபமில்லாமல்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் எதிரில் உட்கார்ந்து மாத்திரை போட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் பூச்சி மாத்திரை போட்டுவிட்டுக் காட்டுவதுபோல.

இருவருமே சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 31

இன்றும் காட்டினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். போர்வையின் அந்தப் பக்கம் அவள் நின்றாள். முகம் தெரியவில்லை.

"ஏனுங், ஒண்ணு சொல்லட்டுங்ளா. அண்ணனுக்கும் இருந்துச்சு."

"என்னது?"

"கட்டி. முழங்கையில. சைக்கிள்ள உழுந்ததுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். காலேஜு படிக்கறப்ப பெருசாயிருச்சு. முழுக்கை சட்டைதான் போடுவான்."

துணி கிளிப்புகள் கையிலேயே இருந்தன.

"இந்த வருசம் எனக்கு அவன் வயசுங்."

போர்வையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவள் கையிலிருந்த ஈரத் தலையணை உறையின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் பிழிந்தோம். ஏற்கெனவே பிழிந்ததுதான்.

மாலை நானாகச் சொன்னேன், இனி நாக்கைக் காட்ட வேண்டாம் என்று.

செப்டம்பர் 12, வியாழன்

நேற்று எடுத்த ரத்தத்தில் 428. ஆனால் ஆய்வகத்திலிருந்து ஓர் அழைப்பு. டாக்டர் ஹெப்சிபா. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பவர். நோயாளிகளை நேரில் பார்ப்பது அவர் வேலையில்லை. ஆனாலும் வரச் சொன்னார்.

சின்ன உருவம். மேசையில் பாதி கடித்த கொய்யா.

"ஒண்ணுமில்ல, எனக்கு ஒரு சந்தேகம். ரத்தத்தை உறைய வைக்கற தட்டணுக்கள் எண்ணிக்கையில கம்மியா இருக்கு, ஒவ்வொண்ணும் ரொம்பப் பெருசா இருக்கு. கொலஸ்ட்ரால் ஜாஸ்தியானா மட்டும் அப்படி வராது. உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"ஆமாங். அப்பா அத்தை மகளைத்தான் கட்டுனாரு."

"கூடப் பிறந்தவங்க?"

வாணி சொன்னாள். முழங்கையையும் சொன்னாள். டாக்டர் கொய்யாவைத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தார்.

"வீட்ல என்ன எண்ணெய்ம்மா?"

வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணெய் மில்லே எங்களுதுதானுங். பால் குடி மறந்ததுல இருந்து நல்லெண்ணெய் குடிக்கறேன். பள்ளிக்கூடம் உட்டு வந்தா எள்ளுப் புண்ணாக்குச் சூடாத் தருவாங்க, கருப்பட்டி வாசத்தோட. மத்தப் புள்ளைங்க மிட்டாய் திங்கற மாதிரி நாங்க தின்போம்."

டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தார். இங்கே அந்தச் சோதனை கிடையாது. வெளியூர் போய் வர இரண்டு வாரம்.

செப்டம்பர் 19

நூலகத்தில் கணக்கெடுப்பு. தூசி. ஒன்றும் படிக்கவில்லை. படிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

டாக்டர் ஹெப்சிபா சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன். நாளைக்குள் மாற்றி நினைவு வைத்துக்கொள்வேன்.

செடியின் கொழுப்பு எல்லோர் குடலுக்குள்ளும் போகிறது. குடல் அதை அடையாளம் கண்டு வெளியே தள்ளிவிடும். தள்ளுவதற்கு ஒரு கதவு உண்டு. வாணிக்கு அந்தக் கதவு பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது. இரண்டும் சேர்ந்ததால் வந்தது. அவர்களுக்குத் தனித்தனியே ஒன்றும் செய்யாது. வாணியின் ரத்தத்தில் எள்ளின் கொழுப்பு மற்றவர்களைவிட முப்பது மடங்கு.

"சாதாரண டெஸ்ட் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அதையும் கொலஸ்ட்ரால்னே எண்ணிடும். அந்த மாத்திரை உடம்பு தானா தயாரிக்கறதைத்தான் குறைக்கும். வெளியில இருந்து வந்து படியறதை அது என்ன பண்ணும்? நீங்க ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க வாணி."

வாணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பையிலிருந்த கேப்சூல் பாட்டிலை எடுத்து வைத்தேன். "இது?"

டாக்டர் பாட்டில் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்களுக்கு இது நல்லதுதான்" என்று மட்டும் சொல்லி, மூடியை இறுக்கித் திருப்பித் தந்தார்.

புது மாத்திரை வேறு வகை, இதய மருத்துவரோடு பேசி எழுதித் தந்தார். குடலின் வாசலிலேயே நிறுத்துவது. எண்ணெய் நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் கூடாது. எள், நிலக்கடலை, பாதாம், தேங்காய் இல்லை. சோறு, மோர், கீரை, காய், பழம் எல்லாம் சாப்பிடலாம். இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. கொஞ்சம் படிந்திருக்கிறது, இன்னும் அடைக்கவில்லை. நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார்.

"அண்ணனுக்கு இதானுங்ளா?" என்று வாணி கேட்டாள்.

"இருந்திருக்கலாம்மா. இனிமே உறுதியாச் சொல்ல வழியில்ல."

வீட்டுக்கு வந்து பால் வாங்கினேன். தண்ணீர் பிடித்தேன். சொல்ல வேண்டியதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சமையலறை வரை தள்ளிப்போயிற்று.

அவளே சொன்னாள்: "மாத்தரைய எண்ணுனீங்களே, கேப்சூல எண்ணுனீங்ளா?"

"குடுத்தது அறுபத்தெட்டு."

"கரெக்டா வெச்சிருக்கீங்க" என்று என் நெற்றியில் கரண்டிக் காம்பால் தட்டினாள். பிறகு அங்கேயே, அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 28

மாமா ஃபோன். ஸ்பீக்கரில்.

"கண்ணு, எண்ணெய் தீந்துருக்குமே. அனுப்பி உடறேன்."

"சரிங்ப்பா."

"காத்தால குடிக்கறியா?"

"குடிக்கறேன்ப்பா."

வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அப்பாகிட்ட சொல்ல வேண்டாமுங். எண்ணெய் எனக்கு ஆகாதுன்னு மட்டும் தெரிஞ்சா தாங்கிக்குவாரு. அடுத்து அண்ணனை நெனைப்பாரு. அண்ணன் வாயிலயும் அவரு கையாலதான ஊத்துனாரு."

அக்டோபர் 1

டின் வந்தது. பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஒரு டீஸ்பூன் எண்ணெயில் இரண்டு பேருக்குப் பொரியல் செய்வது ஒரு கலை இல்லை. கருகுகிறது. பழகுவோம். நானும் அதையே சாப்பிடுகிறேன்.

வியாழனன்று டாக்டர் ஹெப்சிபாவிடம் ஃபோனில் ஒரு சந்தேகம் கேட்டேன். எண்ணெயோடு வரும் நல்லதெல்லாம் போய்விடுமே? வாசலில் நிற்கும் மாத்திரை காரட்டின் மஞ்சள் சத்தையும் நிறுத்திவிடாதா?

"நல்ல கேள்வி. பழைய மாத்திரை வேலை செய்யறவங்களுக்கு ரத்தத்துல அந்த மஞ்சளும் கொஞ்சம் குறையும். ஏன்னா அது கொழுப்போட வண்டியிலதான் ஏறிப் போகுது. வண்டி குறைஞ்சா சவாரியும் குறையும். உங்க மனைவிக்கு வண்டியே குறையல. புது மாத்திரை மஞ்சளைப் பெருசாத் தடுக்கறதில்ல. ஆனா எண்ணெயைக் குறைக்கறதால கீரை, காரட், பப்பாளி தினமும் இருக்கட்டும். அப்பப்போ டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம்."

பப்பாளி வாங்கினேன். காய். மூன்று நாளாக அரிசிப் பானையில் வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 15

இன்னொரு டின். கட்டிலுக்கு அடியில் இரண்டு. படுக்கும்போது வாசம் வருகிறது என்கிறாள் வாணி. மெழுகு வைத்து மூடியது, வராது. எனக்கும் வருகிறது.

அக்டோபர் 21, திங்கள்

219!

எள்ளின் கொழுப்பும் பாதிக்குக் கீழே. கட்டிகள் அப்படியேதான் இருக்கின்றன, கரைய மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். வாணி அந்தத் தாளை வகுப்புக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளிடம், "டீச்சர் பாஸாயிட்டேன்" என்று காட்டினாளாம். என்ன பரீட்சை என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

அக்டோபர் 26, சனி

தலை தீபாவளிக்கு அழைக்க மாமா வந்தார். அழைப்பை நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். புது வேட்டி, கையில் வாழைத்தார், இன்னொரு கையில் டின்.

"நீங்க இருங்க மாப்ளே, நானே வெக்கறேன்" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். மெழுகில் அவர் கீறிய தேதியை விரலால் தடவினார்.

"இது பொரட்டாசியில அனுப்புனது." அடுத்ததைத் தடவினார். "இதும்." நிமிர்ந்தார். "கண்ணு, எண்ணெய் உனக்கு ஆகாதுன்னுட்டாங்ளா?"

வாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் சொன்னேன். கதவு, இரண்டு பழுது, முப்பது மடங்கு எல்லாம். சொல்லச் சொல்ல அவர் தரையில் உட்கார்ந்தார். மில் சத்தத்துக்கு மேல் பேசும் குரல் இல்லை இப்போது.

"அப்பொ அவனுக்கு?"

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க மாமா."

"முடியாதுன்னா, இல்லைன்னு அர்த்தமுங்ளா?"

பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய். வாயில் வந்தது.

"இல்லீங் மாமா. இருந்திருக்கலாம்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு கழுவினாலும் ரேகைக்குள் எண்ணெய் நிற்கும் கை.

நான் அலமாரியிலிருந்து கேப்சூல் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். ஏன் அதை இன்னும் வீசவில்லை என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

"இது நான் வாங்கிக் குடுத்தது மாமா. உங்க எண்ணெயில இருக்கறதேதான். கெட்டியாக்கி அடைச்சது. தினம் ஒண்ணு. அறுபத்தெட்டு நாள் என் கையாலேயே குடுத்தேன்."

பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோனார். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

"நல்லாருக்கோணும்னுதானுங்களே வாங்கியிருப்பீங்க" என்றார்.

வாணி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீயும் அப்பிடித்தானப்பா ஊத்துன."

பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். தயிர்ச்சோறு இரண்டு கவளம் சாப்பிட்டார்.

மூன்று டின்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்றை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகச் சொன்னார்: "தீபாவளிக்கு வந்துருங்க மாப்ளே. கண்ணுக்கு ஆகறது என்னென்னன்னு எழுதி உங்கத்தைக்கு அனுப்புங்க."

அக்டோபர் 28

டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி. "தலைக்குத் தேய்க்கலாமே, தாராளமா" என்றார். சிரித்தார்.

அக்டோபர் 31, தீபாவளி. சிவகிரி

வீட்டில் முறுக்கு வாசமே இல்லை. அத்தையிடம் கேட்டதற்கு, "அவரு எண்ணெய்ச்சட்டியே வெக்க உடலீங் மாப்ளே" என்றார். பலகாரத் தாம்பாளத்தில் ஏழு பப்பாளி அடுக்கியிருந்தது. நான் அனுப்பிய பட்டியலில் பழங்கள் பல இருந்தன. பப்பாளிதான் அவருக்கு முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். தீபாவளி விடியலில் மில்லைத் திறந்துவைத்து, வேலை செய்கிறவர்கள் உள்பட எல்லோர் தலையிலும் மாமாதான் முதல் எண்ணெய் வைப்பார். இன்று செக்கின் முன்னால் மணைப் பலகை, பித்தளைக் கிண்ணத்தில் காய்ச்சிய எண்ணெய், மிளகு மணத்தோடு. முதலில் எனக்கு. பிறகு அத்தை. பிறகு மில் ஆட்கள் நான்கு பேர். சுவரில் நவநீதனின் படம். முழுக்கைச் சட்டை.

வாணி வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

மாமா கிண்ணத்தில் கையை நனைத்தார். கை அங்கேயே நின்றது. விரல்களிலிருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துவிட்டு அத்தையிடம், "நீ வெய்யி" என்றார்.

"நான் வெச்சா வழக்கமாகுமுங்ளா" என்றார் அத்தை. நகரவில்லை.

"மாமா, டாக்டர்கிட்டக் கேட்டேன். தலைக்கு வெக்கலாமாம். தோல் வழியா உள்ள போகாதாம்."

"நல்லாக் கேட்டீங்ளா?"

"கேட்டேனுங்."

அப்போதும் நின்றார். வாணி திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னலை அவிழ்த்தாள். முடியை இரண்டாகப் பிரித்து முன்னால் போட்டுக்கொண்டு, தலையை அவர் பக்கம் தாழ்த்தினாள்.

"வெய்யிப்பா. குளுருது."

மூன்று விரல் நுனியை நனைத்து அவள் உச்சியில் வைத்தார். ஒரு முறை. பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மெல்லத் தேய்த்தார். அரக்கித் தேய்க்கும் கை அது என்று வாணி சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் இருவரும் அலறிக்கொண்டு ஓடுவார்களாம். இன்று கைக்குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார்.

ஒரு சொட்டு நெற்றிப்பொட்டில் இறங்கி, கன்னம் வழியாக உருண்டது. வாணியின் கண் மூடியிருந்தது. உதட்டோரம் வருவதற்குள் மாமா தோள் துண்டின் முனையால் அதை ஒற்றி எடுத்தார். எடுத்த இடத்தை இன்னொரு முறை துடைத்தார்.